வெயில் காலத்தில் கோழி: வன்னி வளவில் கற்றவை

கோழிக்கு வியர்க்காது. வெயில் காலக் கோழி வளர்ப்பில் மற்ற எல்லாம் இதற்குப் பிறகுதான். எங்கள் உடம்புச் சூடு 37 பாகை செல்சியஸ் என்றால் கோழிக்குச் சாதாரணமாகவே 41ஐத் தாண்டும். அந்தச் சூட்டை வெளியே விட அதற்கு இருப்பவை சில வழிகள்தான். வாயைத் திறந்து இளைக்கும். செட்டையை உடம்பில் ஒட்டவிடாமல் விரித்துப் பிடிக்கும். கொண்டையாலும் சொண்டுக்குக் கீழே தொங்கும் தாடையாலும் காலாலும் கொஞ்சம் சூடு போகும். வெளியே 30 பாகையைத் தாண்டும்போதே இளைப்பு ஆரம்பிக்கும். 38, 40 என்று ஏறினால், நிழலும் காற்றும் தண்ணீரும் இல்லாத கோழி ஒரு மத்தியானத்துக்குள் செத்துப்போகும்.

நான் இருப்பது இலங்கையின் வடக்கே, வன்னியில், விசுவமடுப் பக்கம். வன்னியைப் பாலைவனம் என்று யாரும் சொல்லமாட்டார்கள். குளமும் காடும் வயலும் உள்ள மண். ஆனால் எங்களுக்குப் பெய்கிற மழையில் பெரும்பகுதி ஐப்பசியில் தொடங்கித் தைக்குள் முடிந்துவிடும். பங்குனி, சித்திரையில் இலை அசையாத அவிச்சல். வைகாசியில் சோளகம் என்கிற தென்மேற்குக் காற்றுப் பிடித்தால் புழுதியும் வெக்கையும், ஆவணி வரை அதுதான். நிழலிலேயே 35, 36 பாகை காட்டும் நாட்கள் வரும். அந்த மாதங்களில் கோழி வளர்ப்பவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: தீனைப் பற்றி யோசிப்பதற்கு முதல் நிழலைப் பற்றி யோசியுங்கள்.

முதலில் கூரை. 2009இல் யுத்தம் முடிந்து சனம் மீளக் குடியேறியபோது தற்காலிகக் கொட்டில் போடத் தகரம் கிடைத்தது. பிறகு கல்வீடு வந்தவர்கள் அந்தத் தகரத்தை மாட்டுக்கொட்டிலுக்கும் கோழிக்கூட்டுக்கும் போட்டார்கள். கையில் இருந்ததை வைத்துக் கட்டினார்கள், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் மத்தியானம் ஒரு மணிக்கு அந்தத் தகரத்தின் கீழ்ப்பக்கத்தில், தொடாமல், ஒரு சாண் தள்ளிக் கையைப் பிடித்துப் பாருங்கள். உள்ளங்கையில் சூடு வந்து அடிக்கும். அந்த இடத்தில்தான் கோழியின் தலை இருக்கிறது. கூடு தாழ்வாக இருந்தால் இன்னும் மோசம்.

தகரத்தைக் கழற்றத் தேவையில்லை. அதற்கு மேலே நான்கு தடி வைத்து, ஒரு சாண் இடைவெளி விட்டு, கிடுகோ பனையோலையோ வேய்ந்துவிடுங்கள். வெயில் ஓலையில் படும், தகரத்தில் படாது. நடுவால் காற்று ஓடும். மழை வந்தால் தகரம் காக்கும். இரண்டுக்கும் இரண்டு வேலை. சோளகம் ஓலையைக் கிளப்பிவிடும் என்பதால் மேலே ஒரு பழைய மீன்வலையைப் போட்டு நாலு மூலையிலும் இழுத்துக் கட்டுவது நல்லது. ஓலை ஒரு வருடத்துக்கு மேல் தாங்காது, கறையான் பிடிக்கும். பங்குனிக்கு முதல் மாற்றினால் அந்த வருட வெயிலுக்குப் போதும்.

கூட்டின் நீளப்பக்கம் கிழக்கு மேற்காகப் போகவேண்டும். அப்போது காலை வெயிலும் பின்னேர வெயிலும் குறுகிய பக்கத்தில்தான் படும். மேற்குப் பக்கத்துக்கு மட்டும் ஓலையால் மறைப்பு, செத்தை, கட்டினால் போதும்; நீளப்பக்கங்கள் இரண்டிலும் அரைக்கு மேலே கம்பிவலைதான் நல்லது. கீரியும் மரநாயும் உள்ள ஊர் என்று பயந்து நாலு பக்கமும் தகரத்தால் அடைத்த கூடுகளை இங்கே நிறையப் பார்க்கலாம். கீரியிடமிருந்து தப்பிய கோழி உள்ளே அவிந்து சாகிறது. சின்னக் கண் வலையை ஒரு முழ ஆழத்துக்கு மண்ணுக்குள் இறக்கிவிட்டால் கீரியும் தோண்டி வராது, காற்றும் நிற்காது.

நிழலுக்குக் கூட்டைவிட மரம் நல்லது. பகலில் கூட்டுக்குள் கோழியை அடைத்து வைக்க எந்தக் காரணமும் இல்லை. வேம்பு, மா, மரமுந்திரிகை எதுவாக இருந்தாலும் கிளை தாழ்ந்து பரந்திருக்கவேண்டும். மரமுந்திரிகையைத்தான் நான் முதலில் சொல்வேன். கிளை நிலத்தை முட்டுகிறமாதிரி இறங்கும், கீழே சருகு நிறைந்து கிடக்கும், பிராந்து (பருந்து) மேலிருந்து பாய முடியாது. எங்கள் கோழிகள் பத்து மணிக்கு அதன் கீழே போனால் நாலு மணிவரை வெளியே வராது. மண்ணைக் கிளறிக் குழி பறித்து, அடி மண்ணில் வயிற்றை வைத்துப் படுத்திருக்கும். அந்த மண் மேல் மண்ணைவிடக் குளிர்ச்சி, செள்ளும் பேனும் அந்தப் புழுதிக் குளிப்பில் உதிரும். அடுப்புச் சாம்பலை அந்தக் குழிகளில் கொஞ்சம் தூவிவிடுவேன். அந்த நேரம் அவற்றை எழுப்பாதீர்கள். பிள்ளைகள் கலைத்து விளையாடவும் விடாதீர்கள். வெயில் ஏறிய நேரத்தில் ஓடிய கோழி அந்தச் சூட்டை இறக்கப் படும் பாடு பெரிது.

அடுத்தது தண்ணீர். குளிர் காலத்தில் ஒரு கோழி நாளைக்குக் கால் லீற்றர் அளவு குடிக்கும். வெக்கையில் அது இரண்டு மடங்காகும், இன்னும் கூடவும் ஆகும். ஆனால் வெந்நீராகிப்போன தண்ணீரைக் கோழி குடிக்காது, தொட்டுப் பார்த்துவிட்டு விலகிவிடும். பிளாஸ்ரிக் பாத்திரம் வெயிலில் கிடந்தால் பத்து மணிக்கே அந்த நிலைதான். மண்சட்டி வாங்குங்கள். அதன் மேனியால் கசிந்து காயும்போது உள்ளே தண்ணீர் குளிரும். மரத்தடியில் பாதி மண்ணுக்குள் புதைத்து வைத்தால் இன்னும் நல்லது. ஒரே இடத்தில் பெரிய சட்டி வைப்பதைவிட மூன்று நாலு இடத்தில் சின்னச் சட்டிகள் வையுங்கள். சேவலும் மூத்த பேடும் சட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றால் நோஞ்சான்களுக்குத் தண்ணீர் கிடைக்காது. காலையிலும் மத்தியானத்திலும் தண்ணீரை மாற்றவேண்டும். குழாய்க்கிணறு உள்ளவர்கள் மத்தியானம் இறைக்கிற முதல் தண்ணீரை ஊற்றவேண்டாம், வெயிலில் கிடந்த குழாயில் அது கொதித்துத்தான் வரும்.

தீன் போடும் நேரத்தையும் மாற்றவேண்டும். சாப்பிட்டது செரிக்கும்போது உடம்பில் சூடு உண்டாகும், அந்தச் சூடு மேலே ஏற சில மணித்தியாலம் எடுக்கும். ஒன்பது, பத்து மணிக்குத் தீன் போட்டால் அது மத்தியான வெயிலோடு சேர்ந்துகொள்ளும். நான் விடியப்புறம், வெளிச்சம் வந்ததும் குறுணலும் தவிடும் குழைத்து வைப்பேன். பிறகு பின்னேரம் நாலரைக்கு மேல்தான். இடையில் பச்சை ஏதாவது போட்டால் போதும்: முருங்கையிலை, கீரைத்தண்டு, பூசணி வெட்டும்போது வருகிற உள்ளீடு. வெயில் காலத்தில் கோழி குறைவாகத்தான் தின்னும் என்பதால் தின்கிற கொஞ்சத்தில் சத்து இருக்கவேண்டும். வெறும் அரிசியும் நெல்லும் போட்டால் முட்டை நிற்கும். கருவாட்டுத் தூள், எள்ளுப் புண்ணாக்கு, கறையான் இவற்றில் ஏதாவது ஒன்று வேண்டும். கறையானுக்கு வன்னியில் பஞ்சம் இல்லை. பழைய முட்டிக்குள் ஈரச் சாணமும் வைக்கோலும் அடைத்து, புற்றுக்குப் பக்கத்தில் பின்னேரம் கவிழ்த்து வைத்தால் விடியக் கறையான் நிறைந்திருக்கும். குஞ்சுகளுக்கு அதைவிட நல்ல தீன் காசு கொடுத்தும் வாங்க முடியாது.

வெயில் மாதங்களில் முட்டைக் கோது மெல்லிசாகும். தீன் சரியில்லை என்று நினைத்துச் சிலர் தீனை மாற்றிக்கொண்டே இருப்பார்கள். இளைக்கும்போது மூச்சோடு கரியமிலவாயு அளவுக்கு மீறிப் போவதும் ஒரு காரணம். கோது கட்ட அதுவும் தேவை. குறைவாகத் தின்பதால் சுண்ணாம்புச் சத்தும் குறையும். முல்லைத்தீவுக் கரையிலோ மன்னாரிலோ பொறுக்கின சிப்பியை இடித்து ஒரு சிரட்டையில் தனியாக வையுங்கள். தீனோடு கலக்கவேண்டாம். தேவைப்பட்ட கோழி தானாகப் போய்க் கொத்தும்.

இனி, கோழி வெயிலில் விழுந்தால் என்ன செய்வது. முதலில் வாய் திறந்து இளைக்கும், அது சாதாரணம். இளைப்போடு கழுத்தும் ஆட ஆரம்பித்து, கொண்டை வெளிறி, கண் பாதி மூடி, நடக்கும்போது தள்ளாடினால் பிந்தாமல் தூக்குங்கள். நிழலுக்குக் கொண்டுபோய், அகலமான சட்டியில் சாதாரணக் கிணற்றுத் தண்ணீர் விட்டு அதன் கால்களைத் தண்ணீருக்குள் நிற்க வையுங்கள். கொண்டையையும் தாடையையும் விரலால் நனையுங்கள். செட்டையைத் தூக்கி, இறகு குறைந்த அந்தத் தோலில் ஈரத் துணியை ஒற்றலாம். ஐஸ் தண்ணீரில் முக்காதீர்கள், அந்த அதிர்ச்சியிலேயே செத்துவிடும். தலையைப் பிடித்து வாய்க்குள் தண்ணீர் ஊற்றவும் வேண்டாம், மூச்சுக்குழாய்க்குள் போகும். சொண்டு நுனியை நனைத்துவிட்டால் தானாகக் குடிக்கும். தெளிந்த பிறகு ஒரு லீற்றர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி சீனியும் ஒரு சிட்டிகை உப்பும் கரைத்து அன்று பின்னேரம்வரை கொடுக்கலாம். உப்பைக் கூட்டினால் அது நஞ்சு.

ஒன்றைக் கவனித்து வைத்துக்கொள்ளுங்கள். வெயில் இளைப்பு பொழுதுபட்டதும் அடங்கிவிடும். இரவிலும் வாய் திறந்து, தொண்டையில் கறகறவென்று சத்தம் கேட்டால் அது வெயில் இல்லை, நோய்.

என் தம்பி ரியாத்துக்கு வெளியே ஒரு பேரீச்சந் தோட்டத்தில் வேலை செய்கிறான். அங்கே 45 பாகை வெயிலிலும் தோட்டத்தில் கோழி வளர்க்கிறார்கள். "அக்கா, சாக்கை நனைச்சுக் காத்து வாற பக்கம் தொங்கவிடுறம். உள்ள நிண்டா ஊரில மார்கழி மாதிரிக் கிடக்கும்" என்றான். அதை இங்கே செய்து பார்த்தேன். சோளகம் அடிக்கும் ஆனி, ஆடியில் நன்றாக வேலை செய்கிறது. காற்று காய்ந்த காற்று, ஈரத்தைக் குடித்துக்கொண்டு குளிர்ந்து உள்ளே வரும். ஆனால் புரட்டாசிக் கடைசியில், மழைக்கு முதல் மேகம் கட்டிப் புழுங்கும் நாட்களில் அதே சாக்கு கெடுதல் செய்யும். காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருக்கும்போது கோழியின் இளைப்பால் ஒன்றும் ஆவியாகாது. அந்த நாட்களில் தண்ணீர் தெளிப்பதை நிறுத்திவிட்டுக் கூட்டை எவ்வளவு திறக்க முடியுமோ அவ்வளவு திறந்துவிடவேண்டும். வெயில் ஊர் எல்லாம் ஒரே வெயில் இல்லை.

குஞ்சுகளின் விஷயம் வேறு. பெரிய கோழிக்குக் குளிர்ச்சி தேடுகிற அதே நாளில் குஞ்சுக்குச் சூடு தேடவேண்டும். பொரித்த முதல் வாரம் அதற்கு 32 முதல் 35 பாகை வேண்டும். பிறகு வாரத்துக்கு இரண்டு மூன்று பாகை குறைத்துக்கொண்டு போகலாம். கையேடுகளில் இரவு பகலாக பல்ப் எரியவேண்டும் என்றுதான் இருக்கும். எங்கள் சித்திரைப் பகலே 35 பாகை! அதன் மேல் பல்ப்பையும் போட்டால் குஞ்சு அவிந்துவிடும். காலை எட்டு மணிபோல அணைத்து, பொழுதுபட்ட பிறகு போடுங்கள். விடியப்புறம் மூன்று நாலு மணிக்குத்தான் குளிர் இறங்கும். கரண்ட் நின்றாலும் சமாளிக்க ஒரு பனையோலைக் கடகத்துக்குள் உமி போட்டுச் சாக்கால் பாதி மூடி வைத்திருப்பேன். வெப்பமானி இல்லாவிட்டாலும் பரவாயில்லை, குஞ்சே சொல்லும். பல்ப்புக்குக் கீழே ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக் கத்தினால் குளிர். ஓரத்துக்குப் போய்ச் செட்டையைத் தொங்கவிட்டு வாய் திறந்திருந்தால் சூடு. எல்லா இடமும் பரவிக் கீச்சுக் கீச்சென்று மெல்லப் பேசிக்கொண்டு கொத்தினால் சரி.

சில வருடங்களுக்கு முதல் எங்கள் பக்கம் ஒரு வாழ்வாதாரத் திட்டத்தில் குஞ்சுகள் கொடுத்தார்கள். வைகாசி மாதம். பொதுநோக்கு மண்டபத்தில் கூட்டம் முடியும்வரை அட்டைப் பெட்டிகள் அடுக்கியபடி மத்தியானம்வரை இருந்தன. பெட்டியைத் திறந்தபோது நடுப்பெட்டிகளில் இருந்தவை பல ஏற்கெனவே செத்திருந்தன. கணவனை இழந்து பிள்ளைகளோடு இருந்த பெண்கள் அந்தக் குஞ்சுகளை நம்பிப் பெயர் கொடுத்தவர்கள். இன்றைக்கும் எனக்கு அது ஆறவில்லை. பொரித்த குஞ்சு வயிற்றுக்குள் இருக்கும் மஞ்சள் கருவை வைத்து இரண்டு நாள் தீன் இல்லாமல் தாங்கும், சூட்டைத் தாங்காது. யார் குஞ்சு தந்தாலும் விடியப்புறம் தரச் சொல்லிக் கேளுங்கள். பெட்டிகளை ஒன்றன்மேல் ஒன்று அடுக்கவேண்டாம் என்று சொல்லுங்கள். வீட்டுக்குக் கொண்டுவந்ததும் தீன் காட்டாமல் முதலில் தண்ணீர் காட்டுங்கள். ஒவ்வொன்றாகப் பிடித்துச் சொண்டை மெதுவாகத் தண்ணீரில் தொட்டுவிட்டால் குடிக்கப் பழகும். சட்டிக்குள் கூழாங்கற்களைப் போட்டால் விழுந்து நனையாது. இரண்டு மூன்று மணித்தியாலம் கழித்துத் தீன் வைக்கலாம். கீழே பத்திரிகைத் தாள் விரிக்காதீர்கள், வழுக்கிக் கால் அகன்றுவிடும், சாக்குத்தான் நல்லது. பின்பக்கம் எச்சம் காய்ந்து அடைத்திருந்தால் வெதுவெதுப்பான தண்ணீரில் துணியை நனைத்து ஊறவைத்துத் துடையுங்கள். பிய்த்து எடுத்தால் தோல் கிழியும்.

உண்மையில் குஞ்சு வளர்க்க பல்ப்பை விட அடைக்கோழிதான் சிறந்தது. எப்போது அடை வைப்பது என்பதில்தான் வன்னிக்கென்று ஒரு கணக்கு இருக்கிறது. மார்கழியில் வைத்தால் குஞ்சு ஈரத்தில் நனைந்து சாகும். சித்திரையில் வைத்தால் பேடு வெக்கை தாங்காமல் முட்டையை விட்டு எழும்பிப் போகும், பொரிப்பதும் குறையும். தை நடுவில் வையுங்கள். 21 நாளில் பொரிக்கும். அப்போது காலபோக நெல் அறுவடை நடக்கிற நேரம். சிந்தின நெல்லும் வயல் பூச்சியும் தாராளம். பங்குனிக் கடைசியில் வெயில் ஏறும்போது குஞ்சுக்கு இறகு கட்டி, தாயோடு மர நிழல் தேடிப் போகப் பழகியிருக்கும். அம்மா அடை வைக்கும்போது கடகத்தில் மணல் போட்டு, வைக்கோல் வைத்து, ஓரத்தில் ஒரு இரும்புத் துண்டும் கரித்துண்டும் வைப்பார், இடி முட்டையைக் கெடுக்காமல் இருக்க. நானும் வைக்கிறேன், அம்மா செய்தது என்பதால். மணலுக்கு வேறு பயனும் உண்டு. வெயில் நாட்களில் அதன் ஓரத்தைக் கொஞ்சம் ஈரமாக்கினால் முட்டைக்குள் ஈரம் வற்றாது.

அடைக்கு எடுக்கும் முட்டை ஒரு வாரத்துக்கு மேல் பழையதாக இருக்கக்கூடாது. வெக்கையில் கிடந்த முட்டைக்குள் அடை வைக்கு முன்னமே கரு அரைகுறையாக வளரத் தொடங்கிச் செத்துவிடும். சாப்பாட்டுக்கான முட்டைக்கும் இதே தொல்லை. உடைத்தால் இரத்தக் கோடு தெரியும். அதனால் காலையும் மத்தியானமும் பொறுக்கி, ஈர மணலுக்குள் இருத்திய மண்பானையில், கூர்நுனி கீழே இருக்கும்படி அடுக்குங்கள். விற்பதற்கு மட்டும் முட்டை எடுப்பவர்களுக்குச் சேவலே வேண்டாம். கரு இல்லாத முட்டை வெயிலில் கூடுதல் நாள் தாங்கும்.

நோயில் நான் பயப்படுவது இராணிக்கெட்டுக்குத்தான். நியூகாசில் என்றும் சொல்வார்கள். பச்சையும் வெள்ளையுமாகக் கழியும், கழுத்து முறுக்கும், ஒரு வளவில் தொடங்கினால் ஊரே காலியாகும். வந்த பிறகு மருந்து கிடையாது, முன்கூட்டியே தடுப்பு மருந்து மட்டும்தான். குஞ்சுக்கு முதல் வாரக் கடைசியில் கண்ணில் ஒரு துளி, பிறகு கால்நடை வைத்தியர் சொல்லும் இடைவெளியில் திரும்பவும். இங்கே வெயில் கெடுக்கிறது அந்த மருந்தைத்தான். சாதாரண வகை மருந்து சூடு பட்டால் செத்துவிடும்; மோட்டார் சைக்கிளில் சட்டைப்பைக்குள் வைத்துக் கொண்டுவந்து போட்டுவிட்டு, போட்டும் கோழி செத்தது என்று சொல்வதில் நியாயம் இல்லை. ஐஸ் போட்ட பிளாஸ்க்கில் கொண்டுவரவேண்டும், கரைத்தால் இரண்டு மணித்தியாலத்துக்குள் முடிக்கவேண்டும். ஒரு குப்பியில் நூறு, இருநூறு கோழிக்கான மருந்து இருப்பதால் அயலில் நாலைந்து வீடு சேர்ந்து ஒரே காலையில் போடுவதுதான் சரி. எங்கள் ஒழுங்கையில் விடியப்புறம், கோழி கூட்டை விட்டு இறங்க முதல் போடுகிறோம். அப்போது துரத்திப் பிடிக்கவும் தேவையில்லை. அம்மைக்கும் தடுப்பு உண்டு. அது நுளம்பால் பரவுவது, ஐப்பசி மழைக்கு முதல் போட்டுவிடுங்கள்.

என்ன கோழி வளர்ப்பது என்று கேட்பவர்களுக்கு: ஊர்க்கோழிதான். வருடத்துக்கு அது இடும் முட்டை பண்ணைக் கோழி இடுவதில் கால்வாசி வந்தாலே பெரிது. ஆனால் சோளக மாதங்களைத் தாங்கும், தானாக மேய்ந்து வயிறு நிரப்பும், அடை கிடக்கும். அதிலும் கழுத்தில் இறகு இல்லாத மொட்டைக் கழுத்துக் கோழியைப் பலர் வடிவில்லை என்று ஒதுக்குகிறார்கள். உடம்பெல்லாம் இறகு குறைவு என்பதால் சூடு சுலபமாக வெளியேறும். வெயில் நாடுகளில் அந்தக் குணத்துக்காகவே அதைத் தேடி வளர்க்கிறார்கள். என் வளவில் மத்தியானத்தில் கடைசியாக இளைக்கத் தொடங்குவதும் அவைதான். வருகிற தைக்கு அந்தப் பேடுகளின் முட்டையைத்தான் அடைக்கு ஒதுக்கப் போகிறேன். பக்கத்தில் இருப்பவர்கள் யாராவது தொடங்குவதாக இருந்தால் குஞ்சாகக் கேட்காதீர்கள். அடை கிடக்கும் பேடு ஒன்றைப் பார்த்து வைத்துவிட்டு முட்டையாக வாங்கிப் போங்கள்.